இன்னொரு சேலம்: ஒரு ரிட்டையர்டு டாக்ஸ் கலெக்டரின் ஆறு நாள்

செப்டம்பர் 24, ஜேம்ஸ்டவுன்

"நயாகராவுக்கு ரூம் போடட்டுமாப்பா?" என்று மகள் இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வேறு ஆசை. முப்பத்தொரு வருஷம் சென்னை மாநகராட்சியில் வரி வசூல் செய்தவன் நான். அதில் பாதிக்கு மேல் சௌகார்பேட்டை, மின்ட் தெரு, கொத்தவால்சாவடி வட்டாரம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சூப்பிரண்டெண்ட் சொன்னார்: "நம்ம மாநகராட்சியோட முதல் மேயர் அமெரிக்காவுல பொறந்தவன்யா." நான் நம்பவில்லை. மாநகராட்சி தொடங்கிய 1688-ல் அமெரிக்கா என்றொரு நாடே கிடையாதே! அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். நாடுதான் இல்லை, ஊர்கள் இருந்தன. முதல் மேயர் நத்தேனியல் ஹிக்கின்சன் அங்கே பிறந்து, அங்கேயே படித்து வளர்ந்தவர்தான்.

அந்த மாதிரி ஊர்கள் எப்படி உருவாயின, யார் ஆண்டார்கள், யார் வரி கட்டினார்கள் என்று பார்க்க வேண்டும். மருமகன்தான் வழி போட்டுக் கொடுத்தார். "ரிச்மண்ட்லேர்ந்து ஜேம்ஸ்டவுன் பக்கம்தான் மாமா. அங்க ஆரம்பிச்சு அப்படியே வடக்க ஏறிடுவோம்." பேரனைப் பார்த்துக்கொள்ள என் மனைவி வீட்டிலேயே தங்கிவிட்டாள். 29-ஆம் தேதி சேலத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நான் போட்ட கண்டிஷன். ஏன் என்பதை அங்கே போய்ச் சொல்கிறேன். (நம்ம சேலம் இல்லை, பாஸ்டன் பக்கத்துச் சேலம். மாம்பழம் கிடைக்காது.)

இங்கிலீஷ்காரர்கள் அமெரிக்காவில் நிலையாகக் குடியேறிய முதல் ஊர் ஜேம்ஸ்டவுன். இப்போது ஊரே இல்லை. ஆற்றங்கரையில் ஒரு பழைய செங்கல் கோபுரம், அதை ஒட்டி ஒரு தேவாலயம், மரக்கம்பு வேலி, தோண்டிப் போட்ட குழிகள். கோட்டையை ஆறு கொண்டுபோய்விட்டது என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 1994-ல் தோண்ட ஆரம்பித்த பிறகுதான் பெரும்பகுதி கரையிலேயே புதைந்து கிடப்பது தெரிந்திருக்கிறது. செப்டம்பர் கடைசியிலும் புழுக்கம். கொசு நம்ம கூவம் கொசுவுக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை.

1607 மே மாதம் மூன்று கப்பலில் 104 பேர் இங்கே இறங்கினார்கள், எல்லாரும் ஆண்களும் பையன்களும். அனுப்பியது ராஜா இல்லை, லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டிய வர்ஜீனியா கம்பெனி. ராஜா கொடுத்தது சாசனம் ஒன்றுதான். அந்த மண்ணில் ஏற்கெனவே போவட்டன் என்ற பூர்வகுடி மக்கள் இருப்பதைப் பற்றி ராஜாவுக்கும் கவலையில்லை, கம்பெனிக்கும் கவலையில்லை. தங்கம் கிடைக்கும் என்று வந்தவர்களுக்குக் கிடைத்தது உப்புக் கரிக்கும் தண்ணீரும் காய்ச்சலும். 1609–10 குளிர்காலம் முடிந்தபோது ஏறக்குறைய 300 பேரில் 60 பேர்தான் மிச்சம். மியூசியத்தில் பதினாலு வயசுப் பெண்ணின் மண்டை ஓடு ஒன்றை வைத்திருக்கிறார்கள். 2012-ல் கிடைத்தது. எலும்பில் வெட்டுத் தடங்கள். பசியில் செத்தவளை மற்றவர்கள் தின்றிருக்கிறார்கள். மகள் "நான் வெளியில இருக்கேன்" என்று போய்விட்டாள். நானும் அதிக நேரம் நிற்கவில்லை.

கம்பெனியைக் காப்பாற்றியது புகையிலை. ஜான் ரோல்ஃப் என்பவர் 1612 வாக்கில் பயிர் பண்ணிப் பார்த்தார், பிடித்துக்கொண்டது. அப்புறம் இங்கே எல்லாக் கணக்கும் புகையிலையில்தான். சம்பளம், அபராதம், கடன், கல்யாணம்கூட. 1620-லிருந்து கம்பெனியே மணப்பெண்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பியது. கட்டிக்கொள்பவன் பயணச் செலவுக்காக 120 பவுண்டு புகையிலை கட்ட வேண்டும்.

தேவாலயத்துக்குள் தரையில் கண்ணாடி பதித்து, அடியில் பழைய அஸ்திவாரக் கல் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். நான் இதற்காகத்தான் வந்தேன். 1619 ஜூலை 30-ஆம் தேதி, இங்கே இருந்த மரத் தேவாலயத்தில், பதினோரு குடியேற்றங்களிலிருந்து இடத்துக்கு இரண்டு பேராக 22 பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். அவர்களுக்கு 'பர்ஜஸ்' என்று பெயர். அந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சென்னையிலும் வரும். கவர்னர் யார்ட்லியும் கம்பெனி ஆட்களும் ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம்.

முதல் தகராறு உறுப்பினர் தகுதியில். கேப்டன் மார்ட்டின் என்பவர் தன் எஸ்டேட்டுக்குக் காலனி சட்டம் செல்லாது என்று கம்பெனியிடமே எழுதி வாங்கி வைத்திருந்தார். "சட்டத்துக்குக் கட்டுப்படமாட்டாய் என்றால் சட்டம் போடும் இடத்தில் உன் ஆளுக்கு என்ன வேலை?" என்கிற ரீதியில் கேட்டு, அவர் அனுப்பிய இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறகு சூதாட்டம், குடி, வேலை வெட்டி இல்லாமல் திரிவது இதற்கெல்லாம் சட்டம். உயர்ந்த ரகப் புகையிலை பவுண்டு 3 ஷில்லிங், இரண்டாம் ரகம் 18 பென்ஸ் என்று விலை. அதற்குள் ஒரு உறுப்பினர் இறந்தே போனார். வெயில் தாங்கவில்லை, கவர்னருக்கும் உடம்பு முடியவில்லை. ஆறே நாளில் சபையைக் கலைத்துவிட்டார்கள்.

கலைவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார்கள் பாருங்கள், படித்துவிட்டு நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். பதினாறு வயசுக்கு மேற்பட்ட ஆண் ஒவ்வொருவனும் ஒரு பவுண்டு முதல் தரப் புகையிலை கட்ட வேண்டும். எதற்கு? சபைத் தலைவருக்கும், எழுத்தருக்கும், காவலருக்கும் சம்பளம் கொடுக்க. 'முதல் தர' என்று எழுதினார்கள் பார்த்தீர்களா, அது வரி வசூலித்துப் பழகியவன் மூளை. பொருளாகக் கட்டச் சொன்னால் களத்தில் கடைசியாகக் கிடப்பதைத்தான் கொண்டுவந்து கொட்டுவான்.

சபை கலைந்த சில வாரங்களில் கீழே பாயிண்ட் கம்ஃபர்ட்டில் ஒரு கப்பல் வந்தது. அங்கோலாவிலிருந்து பிடித்துவந்த ஆப்பிரிக்கர்கள் "இருபது சொச்சம் பேர்" என்று ரோல்ஃப் எழுதினார். உணவுப் பொருளுக்கு மாற்றாக அவர்களைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தாங்களே தங்களை ஆள உட்கார்ந்த அதே வருஷம், அதே ஆற்று முகத்துவாரம். 'சொச்சம்' என்ற சொல் இரவு வரை மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நிலுவைக் கணக்கில்தான் நாங்கள் அதை எழுதுவோம்.

இன்னொன்றும் உண்டு. செலவழித்து ஆள் கூட்டிவருகிறவனுக்குத் தலைக்கு 50 ஏக்கர் நிலம் என்று ஒரு ஏற்பாடு. 1635-ல் ஜார்ஜ் மெனஃபி என்ற வியாபாரி அப்படி நிலம் கேட்டுக் கொடுத்த தலைகளின் பட்டியலில் ஒரு பெயர், 'டோனி, ஈஸ்ட் இந்தியன்'. அவ்வளவுதான். ஊர் பேர் இல்லை, தகப்பன் பேர் இல்லை. யார் பெற்ற பிள்ளையோ, 50 ஏக்கருக்கு ரசீது ஆகிவிட்டான்.

செப்டம்பர் 25, வில்லியம்ஸ்பர்க்

ஜேம்ஸ்டவுனிலிருந்து 1699-ல் தலைநகரை இங்கே மாற்றினார்கள். ராக்ஃபெல்லர் பணத்தில் ஊரையே பழையபடி கட்டி வைத்திருக்கிறார்கள். தெருவில் தொப்பியும் முழங்கால் கால்சட்டையுமாக ஆட்கள் நடமாடுகிறார்கள். ஒருவர் என்னை "ஐயா, எந்த மாகாணம்?" என்று அந்தக் கால இங்கிலீஷில் கேட்டார். "மெட்ராஸ்" என்றேன். "ஆ, துணி!" என்றார். வேஷம் போட்டாலும் விவரமான ஆள்.

துணிக்கடையில் பூப்போட்ட சிண்ட்ஸ் துணி தொங்கியது. நம்ம கலம்காரிக்குப் பங்காளி. சோழமண்டலக் கரைத் துணி லண்டன் வழியாக இங்கே வந்தது. 1721-ல் இங்கிலாந்து நெசவாளர்கள் சண்டை போட்டு, அச்சடித்த பருத்தித் துணியை அந்த நாட்டில் யாரும் உடுத்தக் கூடாது என்று சட்டம் வாங்கினார்கள். ஆனால் காலனிகளுக்கு ஏற்றி அனுப்பத் தடையில்லை. லண்டன் சீமாட்டி உடுத்தினால் குற்றம், வர்ஜீனியா சீமாட்டி உடுத்தினால் ஏற்றுமதி.

சபைக் கட்டடத்தில் வழிகாட்டி சொன்ன தேர்தல் கதைதான் இன்றைய சுவாரசியம். ரகசிய ஓட்டெல்லாம் கிடையாது. எல்லார் முன்னாலும் எழுந்து நின்று வேட்பாளர் பெயரைச் சொல்ல வேண்டும். வேட்பாளர் அங்கேயே உட்கார்ந்து "நன்றி ஐயா" என்பார். 1758-ல் ஜார்ஜ் வாஷிங்டன் ஜெயித்த தேர்தலில் அவர் கணக்கில் ஓட்டர்களுக்கு ஊற்றிய ரம், ஒயின், பீர் எல்லாம் சேர்த்து நூறு காலனுக்கு மேல். மருமகன் என்னைப் பார்த்தார். "பிரியாணி போட்டாங்களா மாமா?" என்றார் மெதுவாக.

ஓட்டு நிலம் வைத்திருந்த ஆண்களுக்கு மட்டும். ஊரில் ஏறக்குறைய பாதிப்பேர் கறுப்பர்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். 1765-ல் லண்டன் பார்லிமெண்ட் போட்ட ஸ்டாம்ப் வரியை எதிர்த்து பேட்ரிக் ஹென்றி இந்தச் சபையில்தான் முழங்கினார். நாங்கள் சம்மதிக்காமல் எங்களுக்கு வரி போட உனக்கென்ன உரிமை என்பதுதான் விஷயம். வெளியே வந்து புல்தரையில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம்.

செப்டம்பர் 26, வழியில்

நாள் பூரா கார். பிலடெல்பியா பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் டிராஃபிக். எடிசனில் சாம்பார் இட்லி. நியூயார்க்கை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். அதுவும் ஒரு கம்பெனி ஊர்தான், டச்சு வெஸ்ட் இந்தியா கம்பெனி. 1653-ல் ஊர்க்காரர்கள் நச்சரித்து நகரசபை வாங்கினார்கள். 1664-ல் இங்கிலீஷ்காரன் நாலு போர்க்கப்பலோடு வந்தபோது வியாபாரிகள் சண்டை வேண்டாம் என்று கவர்னருக்கே மனு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரவு தங்கிய விடுதியில் டீ கேட்டேன். வெந்நீரும் நூல் கட்டிய பையும் கொடுத்தார்கள். பால் கேட்டதற்கு ஒரு பொடி.

செப்டம்பர் 27, நியூ ஹேவன், கில்ஃபோர்ட்

நியூ ஹேவனை ஒன்பது சதுரமாக வகுத்து, நடுச்சதுரத்தை மைதானமாக விட்டிருக்கிறார்கள். 1638-ல் லண்டன் பணக்கார வியாபாரிகள் பக்திமான்களாகவும் இருந்து போட்ட திட்டம். தலைவர் தியோஃபிலஸ் ஈட்டன். வியாபாரம் செழிக்கும் என்று நினைத்தார்கள், செழிக்கவில்லை. கடைசி முயற்சியாக எல்லாரும் காசு போட்டு ஒரு பெரிய கப்பலைக் கட்டி, சரக்கேற்றி, 1646 ஜனவரியில் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். துறைமுகம் உறைந்து கிடந்தது. மூன்று மைல் தூரம் பனிக்கட்டியை வெட்டி வழி செய்து அனுப்பிய கப்பல் போனது போனதுதான். பிறகு ஒருநாள் மாலை அதே கப்பல் வானத்தில் மிதந்து வந்து கலைந்ததைப் பார்த்ததாக ஊரே சொன்னது. முதல் மொத்தமும் மூழ்கினால் மனுஷனுக்கு அப்படித்தான் தெரியும்.

அந்த ஈட்டனின் மனைவிக்கு முதல் புருஷன் வழியில் வந்த பேரன்தான் எலிஹு யேல். 1649-ல் பாஸ்டனில் பிறந்து, சின்னக் குழந்தையாகவே இங்கிலாந்து போய், மெட்ராஸில் கம்பெனி குமாஸ்தாவாக ஆரம்பித்து 1687-ல் கவர்னரானவர். அவருடைய சின்னப் பையனின் கல்லறை என் காலத்தில் நம்ம ஹைகோர்ட் வளாகத்தில் இருந்தது. நான் அந்தப் பக்கம் பைல் தூக்கிக்கொண்டு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். வைர வியாபாரத்தில் சம்பாதித்த சம்பாத்தியத்துக்குக் கணக்கே இல்லை. கம்பெனிக்குப் புகார் போய், 1692-ல் பதவி போனது.

1718-ல், இங்கே கஷ்டப்பட்டுக்கொண்டிருந்த ஒரு கல்லூரிக்கு அவர் ஒன்பது பொதி சரக்கு, 417 புத்தகம், ராஜா படம் ஒன்று அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுண்டு. மஸ்லின், காலிகோ எல்லாம் அதில் இருந்தன. அந்தக் காசுக்குத்தான் கல்லூரிக்கு 'யேல்' என்று பெயரையே வைத்துவிட்டார்கள். கல்லூரி வாசலில் நின்று மகள் சொன்னாள்: "அப்பா, இங்க ஒரு வருஷ ஃபீஸ்ல அந்த ஒன்பது மூட்டையும் வாங்கிடலாம்." மருமகன் போனில் ஒரு ஓவியம் எடுத்துக் காட்டினார். யேலும் சொந்தக்காரர்களும் ஒயின் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு கறுப்புப் பையன், கழுத்தில் உலோகப் பட்டை. மெட்ராஸில் யேல் காலத்துக் கவுன்சில், ஐரோப்பா போகும் கப்பல் ஒவ்வொன்றிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்ற வேண்டும் என்று தீர்மானம் போட்டதைப் படித்திருக்கிறேன். அந்தப் படத்தை நான் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

மத்தியானம் கில்ஃபோர்ட். அரை மணி நேரப் பயணம். யேல் வாசலில் இருந்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் எனக்கு முக்கியமான ஊர் இதுதான். 1652-ல் நத்தேனியல் ஹிக்கின்சன் இங்கேதான் பிறந்தார். தாய்வழித் தாத்தா, பாதிரியார் ஹென்றி விட்ஃபீல்ட் கட்டிய கல்வீடு 1639-லிருந்து நிற்கிறது. கைமுட்டி முதல் முழங்கை வரை வைத்து அளந்தேன், சுவர் அதைத் தாண்டிப் போகிறது. அடுப்பு மட்டும் நம்ம ஊர் ஒண்டுக்குடித்தன அறை அளவு.

வந்தவர்கள் இருபத்தைந்து பேர் கப்பலிலேயே உடன்படிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் இறங்கினார்கள். நிலம் வாங்கியது ஷாம்பிஷு என்ற மெனுங்கட்டக் பூர்வகுடித் தலைவியிடம். விலை: கோட்டு, கோடரி, மண்வெட்டி, கத்தி, தொப்பி, ஸ்பூன் எல்லாம் பன்னிரண்டு பன்னிரண்டு, நாலு கெண்டி. கிரையப் பத்திரங்கள் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். கைடுலைன் வேல்யூவுக்கு இவ்வளவு கீழே பார்த்ததில்லை.

செப்டம்பர் 28, பிளிமத், பாஸ்டன்

பிளிமத்தில் முக்கால் மணி நேரம். 1620 என்று வெட்டிய பாறை ஒரு பள்ளத்தில் கிடக்கிறது, சுற்றிலும் தூண் மண்டபம். ஆட்டுக்கல்லைவிடப் பெரிசு, அவ்வளவுதான். 102 பேர் மேஃபிளவரில் வந்தார்கள். கம்பெனி அனுமதி கொடுத்த இடத்தை விட்டுவிட்டு வேறு எங்கோ வந்து சேர்ந்ததால், 'இனி எந்தச் சட்டமும் எங்களைக் கட்டாது' என்று சிலர் முணுமுணுக்க, 41 ஆண்கள் கப்பலிலேயே கையெழுத்துப் போட்டு ஒப்பந்தம் எழுதினார்கள். பள்ளிக்கூடப் பாடத்தில் இதைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது அவர்கள் கடன். லண்டன் முதலாளிகளிடம் வாங்கியதை பீவர் தோல் விற்றுக் கட்டினார்கள். 1621-ல் முதல் முதலாக அனுப்பிய தோல் மூட்டைகளை பிரெஞ்சுக் கப்பல் வழிமறித்துப் பிடுங்கிக்கொண்டது. பாக்கியை அடைக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆனது.

பாஸ்டன்தான் இந்தப் பயணத்தில் என்னைச் சுத்தமாக மயக்கிய ஊர். மாசசூசெட்ஸ் பே என்பதும் ஒரு கம்பெனி, 1629 சாசனம். அதில் ஒரு சின்ன ஓட்டை. கம்பெனிக் கூட்டத்தை எந்த ஊரில் கூட்ட வேண்டும் என்று எழுதவில்லை. கம்பெனி கவர்னர் வின்த்ரப்பின் கோஷ்டி என்ன செய்தது? 1630-ல் சாசனத்தையே பெட்டியில் போட்டுக் கப்பல் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டது! இனி கம்பெனி கவர்னர்தான் ஊர் கவர்னர். பங்குதாரர் பொதுக்கூட்டம்தான் சட்டசபை. இன்றைக்கும் மாசசூசெட்ஸ் சட்டசபைக்கு அதிகாரபூர்வப் பெயர் 'ஜெனரல் கோர்ட்', அதாவது கம்பெனிப் பொதுக்கூட்டம். உள்ளே கூரையிலிருந்து மரத்தில் செய்த காட் மீன் ஒன்று தொங்குகிறது. ஊரை வாழவைத்த மீன். உப்புப் போட்டு, நல்லது ஸ்பெயினுக்கு, மட்டமானது மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்ட அடிமைகளுக்கு. அங்கிருந்து சர்க்கரைப் பாகு, இங்கே ரம்.

1632-ல் வாட்டர்டவுன் என்ற ஊருக்கு வரி நோட்டீஸ் போனது. "எங்களைக் கேட்காமல் போட்ட வரி, கட்டினால் நாங்களும் எங்கள் பிள்ளைகளும் அடிமை" என்று கூடிப் பேசினார்கள். வின்த்ரப் கூப்பிட்டு அதட்டினார், அடங்கினார்கள். ஆனால் ஊருக்கு இரண்டு பேர் வந்து வரி விஷயம் பேசலாம் என்று அந்த வருஷமே ஏற்பாடு வந்துவிட்டது. 1634-ல் அவர்களே பிரதிநிதிகளானார்கள். தேர்ந்த வசூல்காரன் அதட்டிவிட்டு உடனே நாற்காலி போடுவான். வின்த்ரப் அதைத்தான் செய்தார்.

அந்தச் சட்டசபை இரண்டு அவையானதற்குக் காரணம் ஒரு பன்றி. ராபர்ட் கெய்ன் என்று ஒரு பணக்கார வியாபாரி. அதிக லாபம் வைத்து விற்றார் என்று 1639-ல் 200 பவுண்டு அபராதம் போட்டு, பிறகு 80 ஆகக் குறைத்தார்கள். தெருவில் திரிந்த என் பெண் பன்றியை அவர்தான் கொன்றார் என்று ஷெர்மன் என்ற ஏழைப் பெண்மணி வழக்குப் போட்டாள். ஜெனரல் கோர்ட் வரை போனது. பிரதிநிதிகள் பெரும்பாலும் அவள் பக்கம், கவர்னரும் பெரிய மனிதர்களும் அவர் பக்கம். சண்டை முற்றி, 1644-ல் நீ தனியாக உட்கார், நான் தனியாக உட்காருகிறேன் என்று பிரிந்துகொண்டார்கள். அதே கெய்ன்தான் சாகும்போது நகர மண்டபம் கட்டப் பணம் எழுதிவைத்தார். அது எரிந்துபோன இடத்தில் 1713-ல் கட்டியதுதான் இப்போதுள்ள பழைய சட்டசபைக் கட்டடம். வாசலில் நின்று அந்தப் பன்றியை நினைத்துக்கொண்டேன்.

தேநீர்க் கலகத் துறைமுகத்துக்கு நேரமில்லை. 1773 டிசம்பர் 16-ல் வரியை எதிர்த்து ஊர்க்காரர்கள் கடலில் கொட்டிய 342 பெட்டியும் நம்ம ஈஸ்ட் இந்தியா கம்பெனி சரக்கு, சீனத் தேயிலை. கடனில் மூழ்கிக்கொண்டிருந்த கம்பெனியைக் காப்பாற்ற லண்டன் போட்ட சட்டத்தில் வந்த வினை. இரவு விடுதியில் அதே நூல் கட்டிய பை. இதைக் கொட்டியிருந்தால் நானும் கூடப் போயிருப்பேன்.

செப்டம்பர் 29, சேலம்

1688-ல் இதே தேதியில்தான் மெட்ராஸ் மாநகராட்சி தொடங்கியது. மேயர், 12 ஆல்டர்மேன் என்ற மூத்த உறுப்பினர்கள், 60 பர்ஜஸ். ஜேம்ஸ்டவுனில் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன சொல். ஆல்டர்மேன்களில் மூன்று பேர் இந்துக்கள், மூன்று பேர் யூத வியாபாரிகள், போர்த்துகீசியர் இருவர், பிரெஞ்சுக்காரர் ஒருவர். சிவப்பு அங்கி அப்போதே உண்டு. நம்ம மேயர் இன்றைக்குப் போடுவதற்கு அதுதான் ஆதி.

ஏன் தொடங்கினார்கள்? ஜனங்கள் மேல் இருந்த பாசத்தால் இல்லை. 1686-ல் வீட்டுவரி போட்டபோது மெட்ராஸில் கடையை அடைத்துவிட்டார்கள். லண்டனில் கம்பெனி யோசித்தது. நாம் அதிகாரம் பண்ணி ஆறு பென்ஸ் கேட்டால் தரமாட்டான், அவனே கூடிப் போட்ட வரி என்றால் ஐந்து ஷில்லிங் தருவான் என்று கடிதமே எழுதினார்கள். வாட்டர்டவுன் பாடம்! அதைச் செய்து காட்ட முதல் மேயராக உட்கார்ந்தவர் வாட்டர்டவுன் பக்கத்து ஹார்வர்டில் 1670-ல் பட்டம் வாங்கிய ஹிக்கின்சன். ஆனால் இங்கே சாசனத்தைப் பெட்டியில் போட்டு எடுத்துவந்தவர்கள் ஊர்க்காரர்கள். அங்கே பெட்டி கோட்டைக்குள், சாவி கவர்னர் இடுப்பில். நகர மண்டபம், சிறை, பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் என்று பட்டியல் பெரிசாக இருந்தது. கோட்டைக்கு வெளியே நம்மவர்கள் இருந்த கறுப்பர் நகரம் வரி கட்டவில்லை. ஹிக்கின்சன் ஆறு மாதத்தில் மேயர் பதவியை விட்டுவிட்டார். முதல் மேயரும் வசூலாகாமல் போனவர் என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

பழைய சூனிய வழக்குகளால் பேர் வாங்கிய ஊர் இது. சேலம் முழுக்க சூனியக்காரி. கடையில் சூனியக்காரி தொப்பி, போலீஸ் கார் கதவில் சூனியக்காரி படம். அக்டோபர் நெருங்குவதால் நடக்க இடமில்லை. கூட்டத்தில் நெருக்கித் தள்ளிக்கொண்டு முதல் தேவாலயம் இருந்த இடத்துக்குப் போனோம். இப்போது வேறு கட்டடம். நத்தேனியலின் தந்தை ஜான் ஹிக்கின்சன் 1660-லிருந்து 1708-ல் சாகும் வரை இந்த ஊர்ப் பாதிரியார். 1663-ல் ஜெனரல் கோர்ட் முன்னால் பிரசங்கம் செய்தார்: நியூ இங்கிலாந்து மதத்துக்காக நட்ட தோட்டம், வியாபாரத்துக்காக நட்டது அல்ல; நூற்றுக்கு நூறு லாபம் பார்க்கிற வியாபாரிகள் இதை மறக்க வேண்டாம். பேசும்போது மகனுக்கு வயது பத்து பதினொன்று. அந்தப் பையன் பிறகு யேல் காலி செய்த நாற்காலியில் 1692 அக்டோபரில் மெட்ராஸ் கவர்னராக உட்கார்ந்தான். இன்னொரு மகன் சேலத்திலேயே வியாபாரி. இந்தியத் துணியில் எது இங்கே விலை போகும் என்று அண்ணன் தம்பிக்குள் கடிதப் போக்குவரத்து. பிரசங்கம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும், சொந்த வீட்டுக்குக் கேட்கவில்லை.

அதே 1692-ல் இன்னொன்று நடந்தது. இங்கே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஜூன் மாதம் பாதிரியாரின் மகள் ஆன் டாலிவரைச் சூனியக்காரி என்று பிடித்துக்கொண்டு போனார்கள். புருஷன் விட்டுவிட்டுப் போய், மனசு சரியில்லாமல் இருந்தவள். தூக்குக்குப் போகாமல் தப்பினாள். சகோதரனோ மெட்ராஸ் கோட்டையில் பதவி ஏற்கிறான், சகோதரியோ இங்கே விசாரணைக் கூண்டில். கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி வர வேண்டும். அவள் சேதி எப்போது போய்ச் சேர்ந்திருக்கும்? மகள் அந்தச் சூனியக்காரித் தொப்பி ஒன்றைப் பேரனுக்கு வாங்கக் கையில் எடுத்தாள், இதைக் கேட்டுவிட்டுத் திரும்ப வைத்துவிட்டாள்.

சாயங்காலம் டெர்பி வார்ஃப். அரை மைல் நீளக் கல் துறை, இப்போது பாய்மரக்கப்பல் ஒன்றுதான் நிற்கிறது. விடுதலைக்குப் பிறகு இங்கிருந்து கப்பல்கள் நேராகவே மெட்ராஸ் போக ஆரம்பித்தன. 1790 டிசம்பரில் வில்லியம் பென்ட்லி என்ற பாதிரியார், கப்பலில் வந்த மெட்ராஸ்காரர் ஒருவரை முதல் முதலாகப் பார்த்ததை டைரியில் எழுதியிருக்கிறார். நல்ல கறுப்பு, நீளமான நேர்முடி என்று. டோனிக்கு அந்த அளவுகூட யாரும் எழுதவில்லை.

கல் மேல் உட்கார்ந்து மருமகனுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, இன்னிக்கு 29. உங்க வீட்டு அரையாண்டு வரி நாளைக்குக் கடைசி நாள் இல்ல?" என்றார்.

எனக்கு ஏப்ரலிலிருந்து ஞாபகமே இல்லை. அவரே போனில் வெப்சைட்டைத் திறந்து பில் நம்பரைப் போட்டார். கார்டு நம்பர் கொடுத்தேன். ஓ.டி.பி. வரவில்லை. அது என் மேற்கு மாம்பலம் வீட்டு மேஜை டிராயரில் கிடக்கும் பழைய சிம்முக்குப் போயிருக்கும். அங்கே அப்போது விடியற்காலை இரண்டரை மணி. மச்சினனைக் கூப்பிட்டேன். ஆறாவது ரிங்கில் எடுத்தான், பதறிப்போய்.

விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை.

"மாமா, நீங்களா நிலுவை?" என்றான்.